பூட்டிய கம்ப்யூட்டரும் பிடுங்கிய நாற்றும்

"தவறான கடவுச்சொல்" என்று கம்ப்யூட்டர் மறுபடியும் சொன்னது. காலையிலிருந்து அது வேறெதுவும் பேசவில்லை.

சூர்யபிரகாஷ், திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் கம்ப்யூட்டர் ஆள். முந்தின நாள் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ஷன் போட்டுப் பூட்டியிருந்தான். இனி திருடன் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. இன்று திருடனுக்கும் அவனுக்கும் ஒரே நிலைமை.

பாஸ்வேர்டு மறந்தால் திறக்க மீட்புச் சாவி என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை மிகப் பத்திரமாக அதே கம்ப்யூட்டருக்குள் சேமித்து வைத்திருந்தான்.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அன்றுதான் கடைசி நாள். உறுப்பினர்களின் சிட்டா, அடங்கல் எல்லாம் ஸ்கேன் ஆகி அந்தப் பெட்டியின் வயிற்றுக்குள் கிடந்தன. கொள்ளிடக் கரையில் வயல் வைத்திருக்கும் மருதையன், வாசல் ஸ்டூலை விட்டு நகரவில்லை.

"தம்பி, நம்ம பேரு ஏறிடுச்சா?"

"ஏறிக்கிட்டே இருக்குண்ணே."

"கொள்ளிடத்துல தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி ஏத்திடு."

சூர்யாவுக்குக் காது சுட்டது. பாஸ்வேர்டு அவனுக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும்.

'என்றும் மறக்காத, எவரிடமும் சொல்லாத ஒரு நீண்ட வாக்கியத்தை வையுங்கள்' என்றது வீடியோ. அப்படி ஒரே ஒரு வாக்கியம்தான் அவனிடம் இருந்தது: 'கோவிந்தராசுக்கு நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது.'

கோவிந்தராசு சங்கத் தலைவர். எண்சோதிடர் சொன்னபடி பெயரின் இங்கிலீஷ் எழுத்தைத் திருத்தி லெட்டர்பேடு அடித்த வருஷமே தலைவராகிவிட்டவர். போன குறுவையில் கோரைக் களை எடுப்பதுபோல் போட்டோவுக்கு நின்று, கை நிறைய நெல் நாற்றைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தார். அந்தப் போட்டோ கம்ப்யூட்டருக்கு நேர் மேலே மாட்டியிருந்தது.

பூட்டுத் திரையில் தமிழில் அடிக்க வராது. அதனால் வாக்கியத்தை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான். அடிக்கும்போது கண்ணுக்குத் தெரிந்தது வெறும் புள்ளிகள். இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் விரல் தன் பாட்டுக்கு ஓடியது. இப்போது அந்த விரல் எங்கே என்ன எழுத்துப் போட்டதென்று விளங்கவில்லை.

கணக்குப் பார்க்கும் மாலதியிடம் போனான். "அக்கா, 'தெரியாது'ன்னு இங்கிலீஷ்ல எப்படி அடிப்பீங்க?"

"டி போட்டு, எச் போட்டு... எதுக்குடா?"

"சும்மாதான். 'கோரை'க்கு ஒரு ஓவா, ரெண்டு ஓவா?"

"கோரையா? உன் பாஸ்வேர்டுல கோரை எங்க வந்துச்சு?"

"நெல்லுக்குப் பக்கத்துல."

கறக்கக் கறக்க, பெயர் மட்டும் போக மீதி வாக்கியம் முழுவதும் மாலதியிடம் வந்துவிட்டது. உதவும் மனசுக்காரி. அவன் தடுப்பதற்குள் உறுப்பினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்: 'நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. இதை இங்கிலீஷ் எழுத்தில் நீங்கள் எப்படி அடிப்பீர்கள்? அவசரம்.'

விதவிதமாக வந்தன. 'வித்தியாசம்' என்ற ஒரு சொல்லையே ஆளுக்கொரு விதமாக அடித்திருந்தார்கள். எதற்கென்று தெரியாமல் சிரிப்புப் பொம்மைகளும் வந்தன. கம்ப்யூட்டர் எதற்கும் மசியவில்லை.

குழுவில் தலைவரும் இருந்தார். மாலதிக்குப் போன் போட்டு விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் புல்லட் சத்தம் கேட்டது.

"என்னடா, பாஸ்வேர்ட ஊருக்கே ஏலம் விடுறியா? எந்திரி. முழுசா சொல்லு, நான் அடிக்கிறேன்."

"முன்னாடி ஒரு பேரு வரும் ஐயா."

"யாரு பேரு?"

சூர்யாவின் கண் போட்டோவைத் தொட்டுவிட்டு வாசலுக்கு ஓடியது. "மருதையன்."

மருதையன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "அடப்பாவி! நாத்துப் பறிச்சே முதுகு வளைஞ்சவன்டா நான். அந்த வார்த்தை என்னைப் பத்தினதா?"

சூர்யா எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல, தலைவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து முடித்தார்.

'தவறான கடவுச்சொல்.'

"பொய்னு கம்ப்யூட்டருக்கே தெரியுதுடா" என்றார் மருதையன்.

"சாயங்காலம் சர்வர மூடிருவான்" என்றாள் மாலதி.

மருதையன் மேற்கொண்டு திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மூட்டம் போட்டிருந்த வானத்தை எட்டிப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"உங்க பேருதான் ஐயா" என்றான் சூர்யா. குரல் நாற்றங்காலுக்குள் போய் ஒளிந்துகொண்டதுபோல் வந்தது.

தலைவர் நிமிர்ந்து தன் போட்டோவையும், அதில் தன் கையிலிருந்த பச்சையையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து தன் பெயரைத் தானே அடித்துவிட்டு, மீதியைச் சூர்யா முன்போலவே எழுத்துக் கூட்டிச் சொல்ல அடித்தார்.

கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

"எப்படி ஐயா? நான் அத எத்தனையோ தடவை அடிச்சேனே!" என்றான் சூர்யா.

"என் பேர எப்படி அடிச்ச?"

"கோவிந்தராசுன்னுதான்."

"இங்கிலீஷ்ல நடுவுல ரெண்டு ஆர் போடணும், ஒரு ஏ கூடப் போடணும். லெட்டர்ல எல்லாம் தெனமும் நீதானே அடிக்கிற?"

சூர்யாவுக்குப் புரிந்தது. மனசு திட்டிய நேரத்திலும் விரல் கும்பிட்டிருக்கிறது. இரண்டில் எதற்கு அதிகம் வெட்கப்படுவதென்று தெரியாமல் காப்பீட்டுத் தாள்களை ஏற்ற ஆரம்பித்தான். முதல் பெயர் மருதையன்.

"பாஸ்வேர்ட மாத்திடுறேன் ஐயா."

"எதுக்கு மாத்தணும்?" தலைவர் மீசையைத் தடவினார். "இந்த வார்த்தைய வாய்விட்டுச் சொல்ல இந்த ஊர்ல எவனுக்குத் தைரியம் இருக்கு? இதவிடப் பத்திரமான பூட்டு கிடைக்குமா?"

தன் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிய மருதையன் திரும்பினார்.

"ஊரே தெனமும் அதத்தானேய்யா சொல்லிக்கிட்டிருக்கு. யாருக்கும் தெரியாம இருந்தது அந்த ரெண்டாவது ஆர் ஒண்ணுதான். இப்ப அதையும் நீங்களே சொல்லிட்டீங்க."