பின்பக்கமாகக் கரைக்கு வந்த தோணி

தேவிபட்டினம்,
8.2.1956

கண்ணியமும் பொறுமையும் நிறைந்த மச்சான் அப்துல் குத்தூஸ் அவர்களுக்கு, தங்கள் மனைவியின் தம்பி மஹ்மூது தண்டல் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் என் அக்கா லத்தீபா லாத்தாவும் கொழும்பில் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே என் வீட்டுக்காரி சித்தி ஜுனைதா சுகம், பிள்ளைகள் சுகம், ஆடு இரண்டும் சுகம். என்னைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

மச்சான், என் பிழைப்பு போச்சு. முதலாளி மீரா சாகிபு அவர்களின் 'நூர்கனி' தோணியில் நான் இருபத்திரண்டு வருசமாகத் தண்டலாகச் சுக்கான் பிடித்து வருவது தாங்கள் அறிந்ததே. முதுகுளத்தூர் மிளகாய் வத்தலும் வாலிநோக்கத்து உப்பும் ஒரு மூட்டைகூட நனையாமல் கரை சேர்த்தவன் நான். முதலாளி இப்போது புதுத்தோணி ஒன்று கட்டியிருக்கிறார். மரவேலை முடிந்து எண்ணெய் பூசி நிற்கிறது, கிட்டப்போனால் கல்யாண வீட்டு வாசனை. அதை இந்த மாதம் இருபத்து நாலாம் தேதி, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடலில் இறக்குகிறார்கள். அதன் சுக்கான் எனக்குத்தான் என்று முதலாளி வாயாலேயே சொல்லியிருந்தார். சொல்லியிருந்தார் என்று எழுதும்போதே என் கண் கலங்குகிறது, இங்கே மை கலைந்திருப்பதைத் தாங்களே பார்க்கலாம்.

எல்லாம் அந்தச் சினிமாக் கம்பெனியால் வந்தது. போன வருசம் முதலாளி நாகூர் கந்தூரிக்குப் போயிருந்த சமயம் மெட்ராஸிலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. படத்துக்கு ஒரு தோணி வேண்டும், கதாநாயகர் மதனசுந்தரம் அதில் ஏறுவார் என்றார்கள். முதலாளிக்குச் சினிமா என்ற சொல்லே ஆகாது, கொட்டகை இருக்கும் தெருவில்கூட நடக்கமாட்டார், தாங்கள் அறிவீர்கள். நானும் அறிவேன். ஆனால் மதனசுந்தரம் மச்சான்! சித்தி ஜுனைதா படம் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் சோறு வடிக்க மறந்தாளே, அந்த மதனசுந்தரம். ஒரு காலைப்பொழுதுதானே, முதலாளி வருவதற்குள் தோணி பழையபடி நங்கூரத்தில் நிற்கும், கடலில் தடமா இருக்கப்போகிறது என்று தலையை ஆட்டிவிட்டேன்.

ஆட்டியவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டைரக்டர் கறுப்புக் கண்ணாடி போட்டவர், கடலைப் பார்த்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொல்கிறார்: "சாயங்காலம் சூரியன் கடலுக்குள்ள இறங்குறப்போ, பன்னிரண்டு வருஷம் கழிச்சுக் கதாநாயகன் தோணியில கரைக்குத் திரும்புறான். இதான் கடைசிக் காட்சி." எனக்குப் பொறுக்கவில்லை. "அய்யா, இங்கன சூரியன் கடல்ல இருந்து ஏறும், இறங்காது. இறங்குறது அந்தா, அந்தப் பனங்காட்டுக்குள்ள" என்றேன். சொல்லாமல் விட்டிருந்தால் சாயங்காலம்வரை காத்திருந்து, சூரியன் முதுகுப்பக்கம் இறங்குவதைப் பார்த்துவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த மனுசர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்தார். "அப்ப விடிகாலையில எடுத்துருவோம். நீங்க தோணியக் கரையிலேர்ந்து கடலுக்குள்ள ஓட்டிட்டுப் போங்க." "திரும்பி வரணும்னீங்களே?" என்றேன். "அதை நாங்க பாத்துக்குறோம்" என்றார். கதையை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை மதனசுந்தரம் வந்தார். முழங்கால்வரை பளபளவென்று சப்பாத்து, தலைப்பாகையில் ஓர் இறகு. எந்த ஊர்த் தோணிக்காரன் இறகு வைப்பான் என்று கேட்டேன். இந்த ஊர்க்காரன் வைப்பான் என்றார் டைரக்டர். கதாநாயகரைப் பின்பக்கம் என் பக்கத்திலேயே கரையைப் பார்த்து நிற்க வைத்தார்கள். நான் கடலைப் பார்த்துச் சுக்கான் பிடிக்கிறேன். கரையோரமாக நங்கூரம் போட்ட ஒரு வள்ளத்தில் படம் பிடிக்கும் பெட்டி. பாய் விரித்ததும் கரைக்காற்று தள்ள, தோணி நகர்ந்ததுதான் தாமதம், மதனசுந்தரம் என் கைலியைப் பிடித்துக்கொண்டார். "தண்டல், இங்க ஆழமா?" என்றார். "கழுத்தளவுதான்" என்றேன். "யார் கழுத்து?" என்றார். மறுகையை ஆட்டிக் கரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என்னிடம் மெதுவாக, "பேசிக்கிட்டே இரு அண்ணே, நிறுத்திராத" என்றார். என்னை அண்ணே என்றார் மச்சான்! அந்தக் கைலியை இன்றுவரை துவைக்க விடவில்லை. அந்தப் பெருமிதத்தில் வாயில் இருந்த வெற்றிலையை ஒரு பக்கமாகத் திரும்பிப் பொளிச்சென்று கடலில் துப்பினேன். கடலில் துப்புவது குற்றமா? இருபத்திரண்டு வருசமாகத் துப்புகிறேன், கடல் ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை.

படம் போன மாதம் ராமநாதபுரம் கொட்டகைக்கு வந்தது. ஊரே திரண்டு போனோம். நான் முன்வரிசை மணலில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் படத்தில் உள்ள தப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதாநாயகன் தாகத்தில் கடல் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு "அமிர்தம்!" என்கிறான். "ஏலே, அத ஒரு மடக்குக் குடிச்சுப் பாருலே!" என்று நான் எழுந்தே கத்திவிட்டேன். காதலிக்கு முத்து எடுத்துக் கொடுக்கிறான், அதுவும் காய்ந்த மணலில் கிடந்த சங்கிலிருந்து. சங்குக்குள் ஏது மச்சான் முத்து? "உக்காருங்க தண்டல், மறைக்குது" என்று பின்னால் இருந்தவர்கள் பிடித்து இழுத்தார்கள். உட்கார்ந்தேன். உட்காராமல் அப்படியே வெளியே போயிருக்கலாம்.

கடைசிக் காட்சி வந்தது. சூரியன் மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்கியது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தூரத்தில் ஒரு தோணி. அது கரையை நோக்கி வருகிறது, ஆனால் பின்பக்கத்தை முன்னே நீட்டிக்கொண்டு வருகிறது! பாய் கடல் பக்கம் புடைத்திருக்க, தோணி எதிர்ப்பக்கம் ஓடுகிறது. அலையெல்லாம் கரையிலிருந்து கிளம்பிக் கடலுக்குப் போகிறது. பறவை வாலை முன்னே விட்டுப் பறக்கிறது. படச்சுருளைத் தலைகீழாகத் திருப்பி ஓட்டிவிட்டான்கள் மச்சான்! காலையில் ஏறிய சூரியனை இறக்கியாகிவிட்டது, போன தோணியை வரவழைத்தாகிவிட்டது. தோணிக்கு முன் எது பின் எது என்றுகூடத் தெரியாத படுபாவிகள். தண்டல்காரன் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று திரும்பியும் பார்க்காமல் வந்துகொண்டே இருக்கிறான். அந்த முதுகு என் முதுகு.

சரி, யாருடைய தோணி என்று யாருக்குத் தெரியும் என்று மனசைத் தேற்றினேன். பின்பக்கத்தில் நானே தூத்துக்குடியிலிருந்து வெள்ளைச் சாயம் வாங்கி வந்து கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேனே, 'நூர்கனி, மீரா சாகிபு, தேவிபட்டினம்' என்று! முறையாக ஓடியிருந்தால் அந்த எழுத்து சின்னதாகிச் சின்னதாகி மறைந்திருக்கும். திருப்பி ஓட்டியதால் பெரிதாகிப் பெரிதாகித் திரையை அடைத்துக்கொண்டு வந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவனெல்லாம் சத்தம்போட்டு வாசித்தான். அதோடு விட்டதா? கரை நெருங்கும் நேரம், கடலிலிருந்து ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, பிறகு ஒரு கொத்தாக எச்சில் எழும்பி, காற்றில் வளைந்து, நேராக அந்தத் தண்டல்காரன் வாய்க்குள் போனது. அவன் கன்னம் உப்பியது. பிறகு அதை மென்றான். அதன்மேல் 'சுபம்' என்று எழுத்துப் போட்டார்கள்.

கொட்டகை கூரை பிய்ந்துவிடும்போலச் சிரித்தது. தடுப்புக்கு அந்தப்பக்கம் பெண்கள் பகுதியில், அத்தனை சிரிப்பிலும் என் வீட்டுக்காரி சிரிப்பு தனியாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து, "வாய் கொப்புளிச்சுட்டு வாங்க" என்கிறாள்.

மறுநாளிலிருந்து செல்லச்சாமி டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. அங்கே ஆளாளுக்கு ஒரு மதனசுந்தரம் கதை. ஒருத்தனிடம் தீப்பெட்டி வாங்கினாராம். செல்லச்சாமி போட்ட டீயைக் குடித்துவிட்டு மெட்ராஸில்கூட இப்படிக் கிடையாது என்றாராம். அவர் டீயே குடிக்கவில்லை மச்சான், சோடா மட்டும்தான் குடித்தார், அதுவும் என் கண் முன்னாலேயே வெளியே வந்துவிட்டது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தால், "தண்டல், பாத்து, வாயத் தொறந்தா எச்சி உள்ள போயிரும்" என்கிறான் செல்லச்சாமி. கடைசியில் எல்லாரும் படத்தில் உள்ள தப்புகளை எண்ண ஆரம்பித்தார்கள். இறகு ஒன்று, சங்கு இரண்டு, கடல் தண்ணீர் மூன்று, மஹ்மூது நாலு.

இதெல்லாம் போகட்டும். முந்தாநாள் முதலாளியின் கணக்கப்பிள்ளை வந்து, "நம்ம தோணி சினிமாவுல வருதாமே, ஆரு ஓட்டுனான்னு மொதலாளி கேக்குறாக" என்றார். கேட்காமல் தோணியை எடுத்தவனுக்கு முதலாளி புதுச் சுக்கானைத் தருவாரா, உள்ளதையும் பிடுங்குவாரா? என்ன செய்தேன் தெரியுமா, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். தோணியில் நம் பாக்கர் இருக்கிறானே, எனக்குக் கீழே பாய் இழுப்பவன், அதே உயரம், அதே தாடி. "பாக்கரா இருக்கும். நான் அந்த வாரம் கொழும்புல மச்சான் வீட்டுல காய்ச்சல்ல கெடந்தேன்" என்று சொல்லிவிட்டேன். சத்தியம் செய்யவில்லை, தலையை மட்டும்தான் ஆட்டினேன். படத்தில் முதுகும் ஒரு பக்கத்துத் தாடியும்தானே தெரிகிறது! ஊர்க்காரர்கள் என்னைக் கேலி செய்வார்களே தவிர, முதலாளி வாசலில் போய்க் காட்டிக்கொடுக்கமாட்டார்கள்.

ஆகவே மச்சான், தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். தங்கள் கடைச் சரக்கெல்லாம் முதலாளியிடமிருந்துதான் வருகிறது, தங்கள் சொல்லை அவர் தட்டமாட்டார். மஹ்மூது அந்த வாரம் முழுக்க இங்கேதான் படுத்துக் கிடந்தான், கஷாயம் வைத்துக் கொடுத்தது லத்தீபா என்று முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது. பாக்கர் பீடிக்காரன், வெற்றிலையைத் தொடமாட்டான், அது ஊருக்கே தெரியும். போன வருசம் கொழும்புக்கு வந்தபோது அவனுக்கு வெற்றிலைப் பழக்கம் தொற்றிக்கொண்டது, நானே பார்த்தேன் என்று அதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். பாக்கர் பாவம்தான். அவனுக்கு நான் பின்னால் ஏதாவது செய்வேன்.

லாத்தாவுக்கும் மருமக்களுக்கும் என் ஸலாம். கடலும் காற்றும் கவர்மெண்டும் தங்களுக்குச் சாதகமாக இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. எனக்காகவும் இரண்டு ரக்அத் தொழுங்கள், நான் தொழுதால் பாக்கர் ஞாபகம் வருகிறது.

இப்படிக்கு,
கரைக்கு முதுகு காட்டிய பாவி,
மஹ்மூது

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் குடி முழுகிவிட்டது மச்சான். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள், லாத்தாவிடம்கூடக் காட்டாதீர்கள். இன்று காலை பரமக்குடியிலிருந்தும் முதுகுளத்தூரிலிருந்தும் ஏழெட்டு வியாபாரிகள் முதலாளி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கடலையே பார்க்காத ஆட்கள், படத்தை மட்டும் பார்த்தவர்கள். "திரும்பிக்கூடப் பாக்காம, பின்பக்கமாவே தோணியக் கரைக்குக் கொண்டாந்தாரே, அந்தத் தண்டல் உங்க ஆளா? எங்க வத்தல் பூராம் இனிமே அவரு தோணியிலதான்" என்றார்களாம். முதலாளிக்கு வாயெல்லாம் பல். சினிமாவுக்கு விட்டதுகூட அல்லாஹ்வின் நாட்டம்தான் என்று சொல்லிவிட்டு, "பாக்கரக் கூப்புடு" என்றிருக்கிறார். புதுத்தோணி சுக்கான் பாக்கருக்காம்! அந்தப் பயலும் நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையிலிருந்து வாய் நிறைய வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, டீக்கடை வாசலில் துப்பிக்கொண்டு திரிகிறான். நான்தான் என்று ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன். "நீதான் கொழும்புல காச்சல்ல கெடந்தியே" என்கிறார். ஆகவே மச்சான், எனக்குக் காய்ச்சலே வரவில்லை, லாத்தா கஷாயம் வைக்கவே இல்லை. கடிதம் எழுதினால் நாளாகும், முதலாளிக்கு உடனே தந்தி அடியுங்கள். அதிகம் வேண்டாம், இரண்டு வார்த்தை போதும்: துப்பியது மஹ்மூது.