சடைச்சியின் காதில் அப்பிய பிசின்

ஒரு காட்டில் சடைச்சி என்றொரு கரடி குடித்தனம் நடத்தி வந்தாள். புருஷன் உண்டு, சாப்பாட்டு வேளைக்கு மட்டும் உண்டு. முதுகில் ஒரு குட்டி. கரடிக்குட்டி அம்மா முதுகை விட்டு லேசில் இறங்காது. நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இடுப்பை விட்டு இறங்குகிறதுகளா என்ன?

சடைச்சிக்கு ஒரு பலவீனம். இடது காதுக்குப் பின்னால் யாராவது சொரிந்துவிட்டால் போதும், கண் சொருகிவிடும். தூரத்துக் கொழுந்தன் மரநாய் இதைத் தெரிந்து வைத்திருந்தான். அவள் தேன்மரத்துக்குக் காவல் இருக்கும் நேரம் பார்த்து வருவான். "மதினி, நீ தெய்வம் மதினி" என்று காதைச் சொரிவான். அவள் கண் சொருகியதும் தேனடை காலியாகும். 'நம்ம சொந்தக்காரன்தானே' என்று அவள் கொட்டாவி விடுவாள்.

ஒருநாள் குட்டியைச் சுமந்து நடக்க முடியாமல் மூச்சு வாங்கியது. மரங்கொத்தி டாக்டரிடம் போனாள். அங்கே வரிசையில் நின்றவர்கள் எல்லோருமே டாக்டர்கள்தான். முள்ளம்பன்றி கஷாயம் சொன்னது. ஆமை, "எங்க பெரியப்பாவுக்கும் இதேதான். தங்கமான மனுஷன், போயிட்டாரு" என்று தைரியம் சொன்னது.

மரங்கொத்தி நெஞ்சைத் தட்டிப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, "நுரையீரல்ல புற்றுநோய்க் கட்டிம்மா" என்றது.

"நான் போயிட்டா இந்தக் குட்டி யார் முதுகுல ஏறும் டாக்டர்?"

"அப்பா இருக்காரே?"

"அவரு முதுகு எப்பவும் தரையிலதான் இருக்கும்."

மரங்கொத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டது. "உன் ரத்தத்துல காவல்கார அணுக்கள் நிறைய இருக்கு. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு புரதம், குமிழ் மாதிரி. அதை அமுக்கினா 'சரி, நம்ம ஆளு'ன்னு படுத்துக்கும். சொந்த உறுப்பைக் கடிச்சிடக் கூடாதுன்னு வெச்ச ஏற்பாடு. கட்டி அந்தக் குமிழை அமுக்கி அமுக்கியே வளருது."

சடைச்சிக்கு அந்தக் கட்டி எங்கோ பார்த்த ஆளைப் போல இருந்தது. "கட்டிக்கு வால் இருக்கா டாக்டர்?"

"இல்லை. நான் போடற ஊசியில எதிர்ப்புரதம் இருக்கு. அது குமிழ் மேல போய் அப்பிக்கும். கட்டியால அமுக்க முடியாது, காவல் முழிச்சுக்கும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். முழிச்ச வேகத்துல சொந்த உடம்பையும் கடிக்கலாம். அரிப்பு, வயித்துப்போக்குன்னா மறைக்காம ஓடி வா."

ஊசி போட வேண்டிய நாளில் மரநாய் வந்தான். "ஊசியெல்லாம் எதுக்கு மதினி? நிம்மதியா படு. தேன்மரத்தை நான் பாத்துக்கறேன்." காதைச் சொரிந்தான். ஊசி தவறியது. அடுத்த தவணைக்கும் அக்கறையாக வந்து சொரிந்தான். அதுவும் தவறியது.

மறுநாள் எழுந்த சடைச்சி இருமிய இருமலில் குட்டி முதுகிலிருந்து வழுக்கி விழுந்து வீறிட்டது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நேரே போய் ஊசி போட்டுக்கொண்டாள். திரும்பும் வழியில் வேங்கை மரத்தடியில் நின்று, காதுக்குப் பின்னால் கெட்டியாகப் பிசினை அப்பிக்கொண்டாள்.

மாதங்கள் போயின. கட்டி சுருங்கியது. உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. மறைக்காமல் ஓடி மருந்து வாங்கிக்கொண்டாள். குட்டி மறுபடி முதுகில் ஏறிக்கொண்டது.

மரநாய் வந்தான். "மதினி, நீ தெய்வம்..." நகம் பிசினில் ஒட்டிக்கொண்டது. அவள் விட்ட அறையில் நகத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான். அந்தச் சூட்டிலேயே புருஷன் பின்னால் வந்து, "சாப்பாடு ஆச்சா?" என்று ஆசையாகக் காதைத் தொட்டான். கடித்து வைத்தாள்.

புருஷனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே மரங்கொத்தி சொன்னது: "நான்தான் முதல்லயே சொன்னேனே, சொந்த வீட்டையும் கடிக்கும்னு."

அன்றிலிருந்து சமையல் அவன்தான்.

நீதி: காது சொரிகிறவனை எல்லாம் கொழுந்தன் என்று நம்பாதே. வைத்தியத்தின் நடுவே புருஷன் கடிபட்டால் பதறாதே, அது பக்கவிளைவு.