இருபத்தெட்டுக் கோடி வயதுச் சுவர்

சுவர் வெறும் சுவராக இருப்பது சிங்கப்பூரில் அந்த வருடம் அநாகரிகமாகிவிட்டது. வசதியுள்ளவர்கள் எல்லாரும் தொன்மையைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். எவ்வளவு பழசோ அவ்வளவு மரியாதை.

ஜாலான் புசாரில் கல் வியாபாரம் செய்யும் அப்துல் ஹமீது இதற்காகவே இளமதியை வேலைக்கு எடுத்திருந்தார். திருச்சியில் நிலவியல் படித்து, நிலக்கரிச் சுரங்கங்களில் பாறை பார்த்துப் பழகியவள். அவளுடைய வேலை அனுமதி முடியப்போகிற சமயத்தில் வைதேகி கடைக்கு வந்தாள். லிட்டில் இந்தியாவில் தியான நிலையம் திறக்கப் போகிறவள்.

இளமதி ஒரு மணற்பாறைப் பலகையைக் காட்டினாள். பழுப்புக் கல்லின் நடுவே விரல் தடிமனில் கருப்புக் கோடு.

"இந்த மணல் ஒரு ஆறு கொண்டுவந்து போட்டது மேடம். கருப்புக் கோடு ஒரு சதுப்புக் காடு. காடு சாய்ஞ்சு, மேல மணல் மூடி, அமுங்கிக் கரியாயிடுச்சு. இருபத்தெட்டுக் கோடி வருஷம்."

வைதேகி கண்ணை மூடிக் கல்லைத் தொட்டாள். "அமைதியா இருக்கு லா. ஆனா என் சென்டர் கார்பன் இல்லாத சென்டர். இதுல கார்பன் இல்லையே?"

"அந்தக் கோடு முழுக்க அதான் மேடம்."

"நேச்சுரல் கார்பன்தானே? ஓகே."

"இந்தச் சுவரு எழும்பி நின்னுட்டா உன் பர்மிட்டும் நிலைச்சுடும்மா," என்றார் ஹமீது.

தியான நிலையத்தில் சுவர் எழும்பி நின்றது; பக்கத்தில் இளமதி நின்றாள். உட்சுவர் நல ஒழுங்குமுறை அலுவலகத்தின் சார்பில் ரகுபதி என்னும் அதிகாரி, கையில் டேப்லட்டுடன் எழுந்தருளினார்.

"தயாரிப்புத் தேதி?"

"இருபத்தெட்டுக் கோடி வருஷம் முன்னால, சார்."

"சிஸ்டம் அவ்வளவு கீழே போகாது. ஆயிரத்துத் தொள்ளாயிரம்னு போடறேன். தயாரிப்பாளர்?"

"ஒரு ஆறு சார். அது இப்ப இல்ல."

"கம்பெனி மூடியாச்சு," என்று தட்டிக்கொண்டார். "நாடு?"

"கோண்டுவானா. அந்தக் கண்டமே உடைஞ்சு போச்சு."

ரகுபதி அனுதாபத்துடன் தலையசைத்தார். "பாகப்பிரிவினையா? அதுக்குத் தனிக் கட்டம் இருக்கு. அந்தக் கருப்பு என்ன?"

"நிலக்கரி."

விரல் நின்றது. "அப்ப இது சுவர் இல்லம்மா. எரிபொருள் கிடங்கு. கிடங்குல தியானம் பண்ண முடியாது."

"கல்லுக்குள்ள இறுகியிருக்கு சார், தீப்பத்தாது."

அதிகாரி முன்னிலையில், விதிமுறைகளுக்கு உட்பட்டு, ஒரு துண்டுக் கல்லுக்கு லைட்டர் காட்டப்பட்டது. பற்றவில்லை. இளமதிக்கு மூச்சு வந்தது. ரகுபதியின் முகம் இறுகியது.

"பத்தலைன்னா நிலக்கரி இல்ல. நிலக்கரின்னு சொல்லி வித்திருக்கீங்க. அது ஏமாத்து."

"பத்தியிருந்தா?"

"கிடங்கு."

"எப்படி இருந்தா சார் விடுவீங்க?"

அவர் மனசாட்சியோடு யோசித்தார். "நிலக்கரி மாதிரி இருக்கணும். நிலக்கரியா இருக்கக் கூடாது."

கல் கழற்றப்பட்டது. அதைப் படமெடுத்து அச்சடித்த பிளாஸ்டிக் தகடு அங்கே ஒட்டப்பட்டது. அனுமதி உடனே வந்தது. கூடவே, இயற்கையோடு இயைந்த உட்புறத்துக்கான விருதும் வந்தது.

திறப்பு விழாவில் பேச இளமதியைக் கூப்பிட்டார்கள்.

"பொய் சொல்லணுமா பாய்?"

"பாறையப் பத்தி உண்மையச் சொல்லு. சுவரப் பத்தி யாரு கேட்டா?"

அவள் ஆற்றையும் காட்டையும் சொன்னாள். கூட்டம் பிளாஸ்டிக்கில் உள்ளங்கையை வைத்துக் கண் கலங்கியது. சிறப்பு விருந்தினர் ரகுபதியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இளமதியின் பர்மிட் புதுப்பிக்கப்பட்டது.

திரும்பி வந்த கல் கடை வாசலில் சாய்ந்திருந்தது. கொஞ்ச நாளில் ஒரு தம்பதி வந்து அதைத் தடவிப் பார்த்தார்கள்.

"வைதேகி சென்டர்ல தொட்டப்ப புல்லரிச்சுது. இது காப்பிதானே?" என்றாள் மனைவி. "கோடுகூட மங்கலா இருக்கு லா."

ஹமீது இளமதியைப் பார்த்தார். அவள் கல்லின் கோட்டைப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் வாங்க மேடம். ஒரிஜினல் வந்துடும்," என்றாள் இளமதி.

அவர்கள் போனதும் பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஒரு டின் கருப்புப் பெயின்ட் வாங்கி வந்தாள். கல்லின் முன்னால் குந்தி, இருபத்தெட்டுக் கோடி வருடக் காட்டின் மேல், விளிம்பு பிசகாமல் தூரிகையை இழுத்தாள்.

"ரெண்டு கோட் அடிம்மா," என்றார் ஹமீது. "அப்பத்தான் நம்புவாங்க."

இளமதி ஏற்கெனவே இரண்டாவது பூச்சில் இருந்தாள்.