டீச்சரம்மா ஊத வந்த விளக்கு

முத்தியால்பேட்டையில் என்னை வாயாடி என்பார்கள். சொல்லட்டும். ஆனால் என் மகள் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது வாய் இல்லை, இந்த வலது கைதான்.

மகள் செல்வியை வடை சுட்டே படிக்க வைத்தவள் நான். (படிப்பு கூடிப்போச்சுன்னு தட்டிக் கழிச்சவங்க கதைய இன்னொரு நாள் வச்சிக்கலாம்.) கடைசியில் கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையனைச் செல்விக்கும் பிடித்துப்போனது. பயமெல்லாம் அவன் அம்மாவை நினைத்துத்தான். ஓய்வு பெற்ற அறிவியல் டீச்சர். யாரைக் கண்டாலும் கேள்வி கேட்பாராம். பால்காரரை நிறுத்தி, பால் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டவராம். தரகர் இதைச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குத் தெரிந்தது கையெழுத்தும் பஸ் போர்டும்தான். அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? "எங்க வீட்லயும் எல்லாம் படிச்சவங்கதான்" என்று தரகரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"அம்மா, கேசரிய வச்சிட்டு உள்ள போயிடு. கேள்வி கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றாள் செல்வி.

"ஏன்டி, எனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"எல்லாம் தெரியும்மா. அதான் பயமா இருக்கு."

சாயங்காலம் வந்தார்கள். பையன், டீச்சரம்மா, அவர் வீட்டுக்காரர். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர்; எங்கள் ஊரில் சொல்தா என்போம். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. (எங்க பேச? இடம் குடுத்தாத்தானே.)

டீச்சரம்மாவின் கண் சுற்றிச் சுற்றி வந்து குத்துவிளக்கில் நின்றது.

"இந்தச் சுடர் இருக்குதே, இது திடமா, திரவமா, வாயுவா?"

செல்வி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "திரவம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எண்ணெய் ஊத்தினாத்தானே எரியுது? கூரையில புடிச்சா தண்ணி மாதிரி ஓடுதே!"

செல்வி தரையைப் பார்த்தாள். பையன் சிரிப்பை அடக்க மிக்சரை அள்ளிப் போட்டுக்கொண்டான். டீச்சரம்மாவுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது.

"இல்லைங்க. சூட்டுல எண்ணெய் ஆவியாவுது. அந்த ஆவி காத்தோட கலந்து எரியுது. மஞ்சளா மின்னுறது பொடிப் பொடியான கரித்துகள். மத்ததெல்லாம் சூடான வாயு. சொல்லப்போனா நெருப்பு ஒரு பொருளே இல்ல, அங்க நடக்கற ஒரு வேலை. நம்ப மாட்டீங்களா? இத ஊதி அணச்சிட்டு, அந்தப் புகையில தீக்குச்சியக் காட்டினா, திரியத் தொடாமலே பத்திக்கும். பாருங்க!"

சொல்லிவிட்டு உதட்டைக் குவித்துக்கொண்டு விளக்கின் மேல் குனிந்தார்.

பெண் பார்க்க வந்த நாளில், வாயால் ஊதி, விளக்கை! நாங்கள் பூவால் ஒற்றிக் குளிர வைப்போமே தவிர, அணைப்பது என்ற சொல்லைக்கூடச் சொல்ல மாட்டோம். என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "ஐயோ!" என்று பாய்ந்து, கரண்டியில் ஒட்டிய கேசரியை வழித்துக்கொண்டிருந்த கையாலேயே அவர் வாயைப் பொத்திவிட்டேன்.

கையை எடுத்தபோது மூக்கிலிருந்து முகவாய் வரை கேசரி. ஒரு முந்திரி கன்னத்தில் ஒட்டியிருந்தது. அவர் கண்ணாடி நழுவி விளக்கின் எண்ணெயில் விழுந்தது. விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் எரிந்தது.

முகம் கழுவி வந்த டீச்சரம்மா, "தகவல் சொல்றோம்" என்றார், ஒரு கேள்விகூடக் கேட்காமல். வாசலில் சொல்தா மட்டும் நின்று என்னைப் பார்த்து, "மெர்சி" என்றார். பிரெஞ்சில் நன்றி. குத்திக்காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் செல்வி என்னோடு பேசவே இல்லை. போன் அடித்தால் வடையைச் சட்டியில் விட்டுவிட்டு ஓடுவேன். வேறு யாராவது இருப்பார்கள். திரும்பினால் வடை கரி. என்னால் என் பெண் வாழ்வு போயிற்றே என்று அழுத கையோடு ஒரு நாள் போனை எடுத்தால், டீச்சரம்மா.

"எங்க வீட்டுக்காரரு பேசவே மாட்டாருங்க. இப்ப இதையே புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. 'கட்டினா அந்த வீட்ல கட்டு. நான் இத்தினி வருஷமா நெனச்சத அந்தம்மா மொத நாளே செஞ்சிட்டாங்க'ன்றாரு. எப்ப பூ வைக்க வரலாம்?"

இப்போது பேரனுக்குப் பிறந்தநாள் வந்தால் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஊத வேண்டிய நேரத்தில் எல்லோரும் என் வலது கையைத்தான் பார்ப்பார்கள். சம்பந்தியம்மா தன் வாயைத் தானே பொத்திக்கொள்வார். மூலையில் உட்கார்ந்திருக்கும் சொல்தா என் பக்கம் திரும்பி, "மெர்சி" என்பார்.