முன்தோட்டத்தில் குடியிருப்பவரின் ஆட்சேபணை

14, லாபர்னம் தெரு
ஏப்ரல் 9

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் கிளிஃபர்ட் அவர்களுக்கு, நார்மன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு மழை உட்பட அனைவரும் நலம். அங்கு உங்கள் முழங்காலும் பூனையும் நலந்தானா என்று அறிய ஆவல்.

உங்கள் தங்கை பெரில், இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, அக்டோபரிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. எங்கள் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. சர்ச்சுக்குப் பின்னால் மேட்டில் நிறுத்துகிறேன், அவ்வளவு தூரம் அவளால் ஏற முடியாது. நாளெல்லாம் முன்னறை ஜன்னலோரமே கிடக்கிறாள். பார்க்கப் பொறுக்கவில்லை. முன்தோட்டத்தை எடுத்துவிட்டுக் கல் பாவி, காரை வாசற்படிவரை கொண்டுவர அனுமதி கேட்டு நகராட்சிக்கு விண்ணப்பித்தேன்.

ஆட்சேபணை இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் சொல்லலாம் என்ற அறிவிப்பை வாசல் விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை அது எங்கள் ரோஜாச் செடியில், நான்கு மூலையிலும் நான்கு முள் குத்தி, ஒரு கிழிசல்கூட இல்லாமல் நின்றது. எடுத்துக் கம்பத்தில் கட்டினேன். மறுநாளும் செடியில். மூன்றாம் நாள் கம்பியால் கட்டினேன் மச்சான், கம்பி அழகாகச் சுருட்டி வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தது. அப்புறம் வந்தது ஆட்சேபணைக் கடிதம். ஊதா மை, ஈரத் தாள், மண் வாசனை. 'விண்ணப்பதாரர் செவ்வாய்க்கிழமை அளந்தபோது நாடாவைத் தொளதொளவென்று பிடித்ததால் அகலம் ஒரு சாண் தவறு. மழைநீர் வடிய வழி காட்டவில்லை' என்று சட்டப் பிரிவோடு எழுதி, கீழே கையெழுத்து: மிஸ் அகதா லம்லி, முன்தோட்டம், 14, லாபர்னம் தெரு. இந்த வீட்டின் முன்னாள் சொந்தக்காரி, பள்ளித் தலைமையாசிரியை. செத்து முப்பது வருஷமாகிறது. அவள் சாம்பலை அந்த ரோஜாக்களுக்கு அடியில்தான் தூவினோம் என்று வீட்டை எங்களுக்கு விற்ற அவளுடைய அண்ணன் மகள் சாவியோடு சேர்த்துச் சொல்லியிருந்தாள்.

நகராட்சிக்கு ஓடினேன். அங்கே மிஸஸ் பிளங்கெட் என்று ஓர் அம்மாள்.

"அவங்க உயிரோட இல்லீங்க" என்றேன்.

"பேரு இருக்கா? முகவரி இருக்கா? கெடுவுக்குள்ள வந்திருக்கா? படிவத்துல வேற ஒண்ணும் கேக்கலையே சார்."

"அதுக்காக, செத்தவங்க கடுதாசிய..."

"அளவு தப்புன்னு எழுதியிருக்காங்க. தப்பா, இல்லையா?"

தப்புதான். திரும்பி வந்தேன்.

நேற்று இடம் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். தோட்டத்தில் கால்மணி நேரம் நின்று தலையாட்டிக் கொண்டேயிருந்தார். உள்ளே வந்து, "அந்தம்மா நியாயமாத்தான் பேசுறாங்க சார்" என்றார். எந்தம்மா என்றேன். "அதான், குனிஞ்சு களை புடுங்கிட்டு இருக்காங்களே." வெளியே ஒருத்தரும் இல்லை. ஆனால் களையும் ஒன்றுகூட இல்லை மச்சான், மண் அப்போதுதான் கிளறின மாதிரி கறுகறுவென்று இருந்தது.

எனவே, கூடப் பிறந்தவர் என்ற உரிமையில், பெரிலுக்காக நகராட்சிக்கு நீங்கள் ஓர் ஆதரவுக் கடிதம் உடனே எழுத வேண்டும். உயிரோடிருப்பவர் எழுதினால் கொஞ்சம் கூடுதல் எடை இருக்காதா?

உங்கள் வீட்டில் சகல நலமும் தங்கட்டும். பூனைக்கு என் விசாரிப்பு.

தங்கள் அன்புள்ள,
நார்மன்

பி.கு.: ஆதரவுக் கடிதம் வேண்டாம். உறையில் போடுமுன் பெரில் இதை வாங்கிப் படித்துவிட்டாள். "காலையில நூலகம், மத்தியானம் நண்பர்கள்னு நீ போயிடுற. ஆறு மாசமா ஜன்னலுக்கு வெளிய நின்னு எங்கிட்ட பேசினது மிஸ் லம்லி ஒருத்தங்கதான் நார்மன். அவங்க மேலயா காரை ஏத்தப்போற?" என்றாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. என் விண்ணப்பத்துக்கு நானே ஓர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று பிற்பகல் என் தோளைப் பிடித்துக்கொண்டு பெரில் ரோஜாச் செடிவரை நடந்தாள் மச்சான், பதினொரு அடி! நாற்காலி மூன்று போடச் சொன்னாள், போட்டேன். தேநீரும் மூன்று கொண்டுபோனேன். "ஐயோ, அவங்க சர்க்கரை சேத்துக்க மாட்டாங்க" என்று பெரில் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது கோப்பை செடியடியில் கவிழ்ந்து கிடந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வேறு கொண்டுவர உள்ளே போனேன்.