வேலி அரக்கியவனின் பெயர்

கொக்குவில் கிழக்கு,
12.08.1989

அன்பு மகள் பத்மாசினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. லண்டன் குளிரில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க நல்லூரான் துணை.

நீ விட்டுப்போன கொம்பியூட்டரைப் பற்றி ஒரு சந்தேகம். அதற்கு முன் நடந்ததைச் சொல்லவேண்டும். வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு நான் நாடகம் எழுதியது உனக்குத் தெரியும். பக்கத்துக் காணியின் வேலியை இரவோடிரவாகச் சாண் சாணாக நகர்த்தி அரக்கி நிலம் பிடிக்கிற ஒருவன், அவனோடு மல்லுக்கட்டும் பராசக்தி என்ற விதவை, இதுதான் கதை. நீ 'ஃபீல்ட்' என்று சொல்லித் தந்தாயே, நான் முதலில் வயல் என்றல்லவா நினைத்தேன்! பெயரை ஓரிடத்தில் எழுதிவிட்டால் மற்ற இடமெல்லாம் அது தானே போய் நிற்கும் என்று கண்டதும் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. 'பக்கம் 9 பார்க்க' என்று போட்டுவிட்டு நடுவில் ஒரு காட்சியைச் செருகினேன். ஒன்பது ஒன்பதாகவே நின்றது. நீ காட்டித் தந்த, புதுப்பிக்கிற விசையை அமத்தினேன், பதினொன்றாயிற்று. அப்போதுதான் விளங்கியது, அது ஒவ்வொரு முறையும் பார்த்துச் சொல்வதில்லை, முன்பு பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அமத்தினால்தான் திரும்பப் போய்ப் பார்க்கிறது. நம் கலியாணத் தரகரும் இப்படித்தானே!

பழகுவதற்காக நன்றிப் பக்கத்தில் அயல்வீட்டுச் செல்வரட்ணத்தின் பெயரை ஃபீல்டாகப் போட்டிருந்தேன். ஒலிபெருக்கிக்கு அவர் வீட்டிலிருந்துதானே வயர் இழுக்கிறோம். பிறகு வில்லனுக்குப் பெயர் தேவைப்பட்டபோது, கைக்கு வந்தது அதுதான் என்று அதையே போட்டுவிட்டேன். எழுதும் வேகத்தில் மனிதன் வேறு பெயர் வேறாகிவிடுகிறது பிள்ளை. ஒத்திகை நடந்த மறுநாளே செல்வரட்ணம் படலையில் வந்து நின்றார்.

"சோமசேகரம், நான் எப்ப உம்மடை வேலியை அரக்கினனான்?"

முப்பது வருசமாக ஒரே கிணற்றில் தண்ணி அள்ளுகிற மனிசன். உடனே ஓடிப்போய் இந்தக் குறிச்சியிலேயே இல்லாத பெயராக 'அடைக்கலநாதன்' என்று ஓரிடத்தில் மாற்றி, விசையை அமத்தி, எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்தேன். வில்லனாக நடிக்கிற தையல்காரர் தம்பிஐயா, "மாஸ்டர், இப்ப நான் ஆர்?" என்று கேட்டுக் கேட்டுப் புதுப்பெயரைப் பாடமாக்கினார். செல்வரட்ணமும் ஆறிவிட்டார்.

ஊரடங்குக்கு முன் முடிக்கவேண்டுமென்று விழாவை மூன்று மணிக்கே தொடங்கினோம். செல்வரட்ணம் சரிகைச் சால்வையோடு முன்வரிசையில். நாடகத்துக்கு முன் செயலாளர் கதிரவேலு நன்றிப் பக்கத்தை எடுத்து, "இவ்விழாவுக்கு மின்சாரம் தந்துதவிய பெருந்தகை..." என்றதும் செல்வரட்ணம் எழும்பிவிட்டார். "...திரு. அடைக்கலநாதன் அவர்களே, மேடைக்கு வருக!"

ஒருவரும் வரவில்லை. செல்வரட்ணம் நின்றபடியே சபையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறென்று வீட்டுக்குப் போய்விட்டார். சுவிச் அவர் வீட்டில். சனமெல்லாம் ஒலிபெருக்கியையே பார்க்கிறது. உன் அம்மா, "நிண்டு என்ன பாக்கிறியள்? ஓடுங்கோ!" என்றாள்.

ஓடினேன். அவர் விறாந்தையில், சுவிச்சுக்குக் கீழே கதிரை போட்டு இருந்தார். மூச்சிரைக்க ஃபீல்ட் கதை முழுவதையும் சொன்னேன்.

"அப்ப ஓரிடத்திலை மாத்தினா எல்லா இடமும் மாறுமோ?"

"ஓம்."

"என்ரை பேரைத் திருப்பிப் போட்டா?"

"நன்றியிலை வருவீர். ஆனால் வேலி அரக்கிறதும் நீர்தான்."

விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

"நன்றியிலை எத்தினை தரம் வரும்?"

"ஒருக்கால்."

"நாடகத்திலை?"

"வாய்க்கு வாய்."

"அப்ப நாடகத்திலை போடும். நன்றியை விடும், அதை ஆர் கேக்கிறது!"

தம்பிஐயா பழைய பெயருக்குத் திரும்பினார். "அட செல்வரட்ணம்!" என்று மேடையில் யாராவது கத்தும்போதெல்லாம் கீழே செல்வரட்ணம் சால்வையைச் சரிசெய்து சபையைத் திரும்பிப் பார்த்தார். "செல்வரட்ணம், உன்ரை வேலியைக் கறையான் தின்னும்!" என்று பராசக்தி மண்ணை வாரித் தூற்றியபோது முதலில் கைதட்டியவரும் அவரே.

மறுநாள் காலை குழி தோண்ட அலவாங்கோடு வந்தார். ஒழுங்கையால் போகிற சனமெல்லாம் எங்கள் வேலியைக் கண்ணால் அளக்கிறதாம். ஒரு சாண் தன் காணிக்குள் தள்ளியே வேலிக் கதியாலை நட்டுவிட்டுப் போனார். நான் வேண்டாமென்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

இந்தப் பெட்டியால் பட்டது போதும் பிள்ளை. மேசைவிரிப்பால் மூடிக் கட்டிவிட்டேன். இனி நாடகமும் வேண்டாம், ஃபீல்டும் வேண்டாம். உங்கள் இருவருக்கும் எல்லா வளமும் பெருகட்டும்.

அன்புள்ள அப்பா,
சோமசேகரம்

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகும்போது கதிரவேலு வந்தார். அடுத்த வருசம் வில்லனுக்குத் தன் பெயரைத்தான் வைக்கவேண்டுமாம். தம்பிஐயாவோ, தான்தான் நடிக்கிறவன், ஆகையால் பெயரும் தன்னுடையதே என்று நிற்கிறார். ஒரே ஃபீல்டில் இரண்டு பேரை வைக்க வழியுண்டோ? உடனே எழுது. விரிப்பை எடுத்துவிட்டேன்.