வாய் திறந்த மாப்பிள்ளை

வாலுசிம்பி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, என் தம்பி மகள் லோவின்சா என் அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாழைக்காய்த் தோல் சீவிக்கொண்டிருந்தபோது.

"ரொம்ப நேர்மையான ஆளு அத்தை."

"என்ன வேலை பாக்குறான்?"

கத்தி நின்றது. "தேடிட்டிருக்காரு. அவரோட கொள்கைக்கு ஒத்து வரணும்ல."

எனக்கு அப்போதே இனம் தெரிந்துவிட்டது. வேலை தேடுகிறவர்களில் பல வகை உண்டு. சம்பளம் தேடுகிறவன் இருக்கிறான், மின்விசிறிக்கு அடியில் இடம் தேடுகிறவன் இருக்கிறான், மாமனாரிடம் சொல்லிக்கொள்ள ஒரு நாற்காலி தேடுகிறவன் இருக்கிறான். இவர்களெல்லாம் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் அடங்கிவிடுவார்கள். அடங்காத வகை ஒன்று உண்டு. தன் மனச்சாட்சிக்கு அளவெடுத்துத் தைத்த வேலையைத் தேடுகிறவன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பகல் பதினொரு மணிக்கு மடிப்புக் கலையாத சட்டையோடு போவார். அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டது யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை முதலில் பெண்ணின் அத்தை வீட்டு வாசலுக்குத்தான் வரவேண்டும். அவனைப் புரட்டிப் பார்த்து அத்தை 'சரி' சொன்ன பிறகுதான் பெண்ணின் அப்பன் காதுக்கே விஷயம் போகும். பின்னால் ஏதாவது கோணினால் பழியும் அத்தைக்குத்தான். எனவே வாலுசிம்பி வந்தபோது நன்றாகவே புரட்டினேன். பாட்டன் யார் என்றேன்; ஐந்து தலைமுறையை மூச்சு விடாமல் சொன்னான். அவனுடைய பாட்டியின் தங்கையை மித்யானாவில் கட்டிக்கொடுத்த வீடு வரைக்கும் நானும் கூடவே போய் வந்தேன், ஒரு பெயர் பிசகவில்லை. வேலையைக் கேட்டேன். பெருமூச்சு விட்டான். இந்த இனத்தின் முதல் அடையாளம் அந்தப் பெருமூச்சு.

"பேங்க்ல இருந்தேன் அத்தை. கடன் கட்ட முடியாதவங்களோட மோட்டார் சைக்கிளைப் பிடுங்கிட்டு வரச் சொன்னாங்க. மனசு ஒப்பல."

"நியாயந்தான். அப்புறம்?"

"பள்ளிக்கூடம். பிள்ளைங்களைப் பிரம்பால அடிக்கிறாங்க."

"நீ அடிக்காம இருந்திருக்கலாமே?"

"பாத்துக்கிட்டு நிக்கிறதும் பாவந்தானே? அப்புறம் ஏழைங்களுக்கு உதவுற சங்கம் ஒண்ணு. ஏழைங்களைப் பத்திப் பேச எட்டு நாள் பெரிய ஹோட்டல்ல கூட்டம் போட்டாங்க. சகிக்கல, விட்டுட்டேன்."

"எத்தனாவது நாள் விட்டே?"

"ஒன்பதாவது நாள்."

பாருங்கள், காரணம் எதிலும் பழுதில்லை. இந்த இனத்தின் காரணங்கள் எப்போதுமே நம்முடைய காரணங்களைவிடச் சுத்தமாக இருக்கும். நாம் 'மேனேஜர் ஒரு மாதிரி' என்று சொல்லிவிட்டு வருகிற இடத்தில் அவர்கள் உலகத்தின் அநியாயத்தைச் சொல்லிவிட்டு வருவார்கள். வந்து எங்கே உட்காருவார்கள்? அங்கேதான் கதை இருக்கிறது.

வாலுசிம்பி உட்கார்ந்திருந்தது அவன் அக்கா எசேசா வீட்டுப் பின்னறையில். எசேசா பீர்க் கிடங்கில் காலிப் பாட்டில் அடுக்குகிறவள். விடியுமுன் போவாள், பொழுது சாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். தம்பி அந்தப் பீரைத் தொடமாட்டான், கொள்கை. அந்தச் சம்பளத்தில் வெந்த பீன்ஸை இரண்டாம் முறையும் போட்டுக்கொள்வான்.

"அக்கா பீர்க் கிடங்குல வேலை பாக்குறாளே, அது உன் கொள்கைக்கு ஒத்து வருதா?" என்று கேட்டேன்.

"அது அவங்க முடிவு அத்தை. நான் யாருக்கும் தீர்ப்பு சொல்றதில்ல."

அவனுக்கு ஒரு வேலை கிடைக்காமல் என் தம்பியிடம் பேச்செடுக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். காதல் பொல்லாதது, மறுவாரமே என்டெபேயில் ஒரு மீன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். மூன்று மாதம் நின்றான். அதை நம்பி, தம்பி முலோண்டோவிடம் நான் வாக்குக் கொடுத்தேன். பெண் வீட்டில் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்தும் சடங்குக்கு நாளும் குறித்தாயிற்று.

அந்தச் சடங்கில் மாப்பிள்ளை பேசக்கூடாது. வெள்ளை நீள அங்கியைப் போட்டுக்கொண்டு தன் ஆட்களுக்கு நடுவே அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் பேச்சாளி உண்டு. அவர்கள் மடக்குவார்கள், புளுகுவார்கள், ஊர் சிரிக்கும். கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சேவல் பெண்ணின் அண்ணன் கைக்குப் போனால் கல்யாணம் முடிவு.

எங்கள் பேச்சாளி ஆரம்பித்தார். "உங்க பையன் எங்க பொண்ணுக்கு எதைக் கொண்டு சோறு போடுவான்?"

அவர்கள் பேச்சாளி கியெயுனே எழுந்தார். "ஏரியையே வீட்டுக்கு அள்ளிட்டு வர்ற பையன் ஐயா. மீன் கம்பெனி. இவன் தலையாட்டினாத்தான் அங்க மீனே செதிலைக் கழட்டும்."

பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அரிசி மூட்டை எழுந்து நின்றது.

"மன்னிக்கணும். அது பொய். வியாழக்கிழமையோட விட்டுட்டேன். குஞ்சு மீனையெல்லாம் வாங்குறாங்க. என் கொள்கைக்கு அது…"

"ரேடியோவை யாரு போட்டது?" என்றாள் பின்வரிசையில் ஒரு கிழவி.

என் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அறுபத்தெட்டு வயதில் ஒருத்தி பாய்க்கு அடியில் நுழைந்துகொள்ள முடியுமானால் நான் நுழைந்திருப்பேன். எதற்கும் விடை வைத்திருக்கும் கியெயுனே தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினார்.

எங்கள் பேச்சாளி தொண்டையைச் செருமினார். "அப்ப இத்தனை நாளா இவனுக்குச் சோறு போட்டது யாரு?"

பெண்கள் பக்கத்திலிருந்து எசேசா முழங்காலிட்டாள். "நான்தான் ஐயா. பீர்க் கிடங்குல பாட்டில் அடுக்குறேன்."

"அந்த வேலை உன் மனசுக்கு ஒத்து வருதாம்மா?"

எசேசா நிமிர்ந்து பார்த்தாள். "யாரும் கேட்டதில்லையே ஐயா."

பிறகு லோவின்சாவை அழைத்தார்கள். அப்பன் முன்னால் முழங்காலிட்டாள்.

"இவங்களை உனக்குத் தெரியுமா? இவங்க கொண்டு வந்ததை நான் சாப்பிடலாமா?" என்று வழக்கப்படி சம்மதம் கேட்டான் முலோண்டோ.

"தெரியும்ப்பா. இப்ப சாப்பிட வேணாம். சேவலை அவங்க அக்கா கையிலயே கொடுத்துடுங்க. ஒரே வேலையில ஒரு வருஷம் நின்னுட்டு அவரே தூக்கிட்டு வரட்டும்." கண் கலங்கித்தான் இருந்தது. குரல் கலங்கவில்லை.

மறு திங்கட்கிழமை எசேசா படுக்கையை விட்டு எழவில்லை. இதை அவளே எனக்குச் சொன்னாள்.

"அக்கா, நேரமாச்சு."

"யோசிச்சுப் பாத்தேன்டா தம்பி. பீரால எத்தனை குடும்பம் கெடுது. எனக்கு மனசு ஒப்பல."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"அது உன் முடிவு. நான் யாருக்கும் தீர்ப்பு சொல்றதில்ல."

மூன்று நாள் கொள்கை தாக்குப்பிடித்தது. நாலாம் நாள் தம்பி சேவலைப் பார்த்த பார்வை சரியில்லை என்று எசேசா அதைத் தன் கட்டில் காலில் கட்டிப்போட்டாள். ஐந்தாம் நாள் விடியுமுன் அவன் கிளம்பினான்.

இதுவரை சிரித்துக்கொண்டு வந்த உங்களை ஒன்று கேட்கிறேன். போன வேலையை ஏன் விட்டீர்கள் என்று அழகாகச் சொல்வீர்கள், தெரியும். விட்ட அன்றைக்கு உங்கள் தட்டில் விழுந்தது யாருடைய உழைப்பு? அவர் மனம் ஒப்புகிறதா என்று கேட்டதுண்டா? கேட்காமலிருப்பதே உங்களுக்கு நல்லது. கேட்டால் அவரும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார், திங்கட்கிழமை எழுந்திருக்கமாட்டார்.

சேவல் ஒரு வருஷமும் ஒன்பது நாளும் கழித்து, நன்றாகக் கொழுத்து, வாலுசிம்பியின் கக்கத்தில் வந்து சேர்ந்தது. லோவின்சாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எசேசா கோழி வளர்க்கிறாள். வாலுசிம்பி அதே பீர்க் கிடங்கில், அக்கா நின்ற இடத்தில், காலிப் பாட்டில் அடுக்கிக்கொண்டிருக்கிறான்.